ஐந்து வயதுக்குள் குழந்தைகளின் ஆகாரமும் ஆரோக்கியமும்

(பாலக்காட்டில் நடந்த நமது மகளிர் பிரிவுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். வர முடியாத வெளியூர் அங்கத்தினர்களுக்காகக் கேள்வி பதிலுடன் இங்கே தரப்படுகிறது.)



குழந்தைகளின் ஆகாரத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். கல்லூரியில் முப்பது வருஷம் மனையியல் கற்பித்தவள் நான். மாணவிகளைக் கூட்டிக்கொண்டு நம் மாவட்டத்தின் அட்டப்பாடிக்கும், சித்தூர் தாலுகாவின் எல்லைக் கிராமங்களுக்கும், இடுக்கி மாவட்டத்து மூணாறு, மறையூர் பக்கங்களுக்கும் பல தடவை போயிருக்கிறேன். பாலக்காடும் இடுக்கியும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் மாவட்டங்கள் அல்ல. ஆனால் இரண்டும் தமிழ்நாட்டைத் தொட்டுக்கொண்டிருக்கின்றன. பொள்ளாச்சி, உடுமலை வழியாகச் சின்னார் சோதனைச் சாவடியைத் தாண்டினால் மறையூர் வந்துவிடும். வழி முழுவதும் காதில் விழுவது தமிழ்தான். அந்த ஊர்க் குழந்தைகளின் தட்டையும் நம் வீட்டுக் குழந்தைகளின் தட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் இன்றைக்கு என் உத்தேசம். பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். குழந்தைக்குப் புதிதாக எதை வாங்கிக் கொடுக்கலாம் என்றே எல்லோரும் கேட்கிறோம். தட்டிலிருந்து எது விட்டுப்போயிற்று என்று யாரும் கேட்பதில்லை.

ஏன் ஐந்து வயது?

பிறக்கும்போது மூன்று கிலோ இருக்கும் குழந்தை ஒரு வயதில் ஒன்பது கிலோ ஆகிறது. ஐம்பது சென்டிமீட்டர் உயரம் எழுபத்தைந்து ஆகிறது. இந்த வேகத்தில் மனிதன் பிறகு ஒருபோதும் வளர்வதில்லை. மூளை வளர்ச்சியில் பெரும் பகுதி முதல் இரண்டு வருஷத்துக்குள் நடந்து முடிகிறது. கர்ப்பம் தரித்த நாளிலிருந்து இரண்டு வயது நிறையும் வரை உள்ள ஆயிரம் நாட்களை வைத்தியர்கள் பொன்னான நாட்கள் என்கிறார்கள். அந்த நாட்களில் விட்டதைப் பிறகு முழுவதும் பிடிப்பது கடினம். குள்ளமாக நின்றுபோவதுதான் கண்ணுக்குத் தெரியும் நஷ்டம். அடிக்கடி வரும் ஜலதோஷம், வயிற்றுப்போக்கு, பள்ளிக்கூடத்தில் கவனம் நிற்காமை, பெண் குழந்தையாக இருந்தால் அவள் தாயாகும்போது வரும் சிக்கல் என்று தெரியாத நஷ்டங்கள் இன்னும் பல.

"நம் கேரளத்தில் இந்தப் பிரச்சினை எல்லாம் ஏது?" என்று கேட்கத் தோன்றும். சிசு மரணத்தில் கேரளம் நாட்டிலேயே மிகக் குறைந்த இடங்களில் ஒன்று. 2023-ம் வருஷக் கணக்கில் ஆயிரத்துக்கு ஐந்துதான். பெருமைப்பட வேண்டிய விஷயம். ஆனால் தேசியக் குடும்ப நல ஆய்வைப் பாருங்கள். கேரளத்தில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் 2015-16-ல் 19.7 சதவிகிதம். 2019-21-ல் அது 23.4 ஆகிவிட்டது. இரத்தசோகை 35.7-லிருந்து 39.4-க்கு ஏறியது. தமிழ்நாட்டில் இரத்தசோகை 57.4 சதவிகிதம். அகில இந்தியக் கணக்கு 67.1. குழந்தைகளைப் பிழைக்க வைத்துவிட்டோம். நன்றாக வளர வைப்பதில்தான் பின்னால் போய்க்கொண்டிருக்கிறோம்.

அட்டப்பாடியில் விட்டுப்போனது தானியம்

மண்ணார்க்காட்டிலிருந்து மலை ஏறினால் அட்டப்பாடி. அகளி, புதூர், சோலையூர் என்று மூன்று பஞ்சாயத்துகள். ஆனைகட்டியில் இறங்கினால் கோயம்புத்தூர். இருளர், முடுகர், குறும்பர் என்ற மூன்று ஆதிவாசி சமூகத்தார் அங்கே வசிக்கிறார்கள். இருளரின் பேச்சு தமிழுக்கு மிகவும் நெருங்கியது.

2013-ல் இந்த ஊரின் பெயர் தேசம் முழுவதும் அடிபட்டது. சில மாதங்களுக்குள் முப்பதுக்கும் மேற்பட்ட பச்சிளங் குழந்தைகள் இறந்தார்கள். குறை எடையோடு பிறந்த குழந்தைகள், இரத்தம் குறைந்து வெளுத்துப்போன தாய்மார்கள். நிபுணர் குழுக்கள் வந்தன, திட்டங்கள் வந்தன. அதற்குப் பிறகும் 2021 நவம்பரில் அடுத்தடுத்துக் குழந்தைகள் இறந்து மறுபடி தலைப்புச் செய்தி ஆயிற்று.

அரிசி கிடைக்காததால் இது நடக்கவில்லை. ரேஷன் கடையில் அரிசி கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. வேறு எல்லாம் போய்விட்டதுதான் காரணம். அந்த மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கேழ்வரகு, சாமை, தினை விதைத்தவர்கள். கூடவே துவரையும் அவரையும் போடுவார்கள். காட்டுக் கீரை, கிழங்கு, தேன் எல்லாம் சேர்ந்ததுதான் அவர்கள் சாப்பாடு. 1951-ல் அட்டப்பாடி ஜனத்தொகையில் பத்தில் ஒன்பது பேர் ஆதிவாசிகள். இன்று அவர்கள் பாதிக்கும் குறைவு. குடியேற்றம் வந்தது, நிலம் கைமாறியது, காட்டுக்குள் போகக் கட்டுப்பாடுகள் வந்தன. விதைக்க நிலம் இல்லாதபோது தானியம் போயிற்று. தானியத்தோடு ஊடுபயிராக வந்த பருப்பும் போயிற்று, கீரையும் போயிற்று. மிஞ்சியது வெள்ளை அரிசிச் சோறு.

சமையலறைக் கணக்கு ஒன்று சொல்கிறேன். நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. பசும்பாலில் சுமார் 120. தீட்டிய அரிசியில் பத்து தேறினால் அதிகம். இரும்புச் சத்து கேழ்வரகில் சுமார் நாலு மில்லிகிராம், தீட்டிய அரிசியில் ஒன்றுக்கும் கீழே. ஒரு வயதுக் குழந்தையின் வயிறு ஒரு டம்ளர் அளவுக்கு மேல் கொள்ளாது. அந்த ஒரு டம்ளரை எதனால் நிரப்புகிறோம் என்பதே எல்லாம். கஞ்சித் தண்ணீரால் நிரப்பினால் குழந்தை அழாது, தூங்கிவிடும். வளரத்தான் செய்யாது.

அதற்கும் முன்னால் தாயின் தட்டு இருக்கிறது. இரத்தசோகை உள்ள பெண்ணுக்குப் பிறக்கும் குழந்தை இரும்புச் சேமிப்பு இல்லாமல்தான் வருகிறது. குழந்தை உணவு என்று தனியாகப் பேசுவதில் பாதி அர்த்தம்தான் உண்டு. பெண்ணின் சாப்பாடு சரியானால்தான் குழந்தையின் சாப்பாடு சரியாக ஆரம்பிக்கும்.

2013-க்குப் பிறகு குடும்பஸ்ரீ மூலம் ஊர்களில் சமூக சமையலறைகள் ஆரம்பித்தார்கள். கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், சிறு குழந்தைகள், வயதானவர்கள் எல்லோருக்கும் அங்கே சமைத்த சாப்பாடு. 2017-ல் சிறுதானியக் கிராமத் திட்டம் வந்து, தரிசாகக் கிடந்த நிலத்தில் கேழ்வரகும் சாமையும் மறுபடி விதைத்தார்கள். விட்டுப்போனதைத் திரும்பக் கொண்டுவருவதுதான் மருந்து என்று கடைசியில் புரிந்தது.

இடுக்கியிலும் இதற்கு உதாரணம் உண்டு. முதுவான் மக்கள் மதுரையிலிருந்து முதுகில் சுமந்துகொண்டு மலையேறி வந்ததாகத் தங்கள் கதையைச் சொல்வார்கள். அவர்களுக்கும் கேழ்வரகுதான் ஆதாரம். சின்னார் சரணாலயத்துக்குள் இருக்கும் தாயண்ணன்குடியில், மறைந்துகொண்டிருந்த பழைய கேழ்வரகு வகைகளை வனத்துறை உதவியோடு திரும்ப விதைத்தார்கள். புனர்ஜீவனம் என்று அந்தத் திட்டத்துக்குப் பெயர். பொருத்தமான பெயர்தான்.

எஸ்டேட்டில் விட்டுப்போனது நேரம்

மூணாறு தேயிலைத் தோட்டங்களில் கதை வேறு. அங்கே வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். தலைமுறைகளுக்கு முன் பாண்டி நாட்டுப் பக்கமிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள். வரிசையாகக் கட்டிய லயங்களில் குடியிருப்பு. 2015 செப்டம்பரில் 'பெண்கள் ஒற்றுமை' என்று தோட்டப் பெண்கள் நடுரோட்டில் உட்கார்ந்து போராடியது ஞாபகம் இருக்கும். அப்போது அவர்கள் தினக்கூலி 232 ரூபாய். போராட்டத்துக்குப் பிறகு 301 ஆயிற்று.

கொழுந்து பறிக்கப் போகும் தாய் விடிவதற்குள் எழுந்து சமைத்து, பெரிய குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பி, சின்னதைப் பிள்ளைக் காப்பகத்தில் விட்டுவிட்டு மலை ஏற வேண்டும். ஐம்பது பெண்கள் வேலை செய்தாலும், அவர்களுக்கு இருபது குழந்தைகள் இருந்தாலும் காப்பகம் வேண்டும் என்று 1951-ம் வருஷத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் விதி இருந்தது. அதனால் குழந்தைக்கு ஓர் இடம் இருந்தது. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து வாய் வாயாக ஊட்டுவதற்குத் தாய்க்கு நேரம் இல்லை. மாணவிகளோடு லயங்களில் விசாரித்தபோது அடிக்கடி கேட்ட பதில் ஒன்று உண்டு. "காலையில் கட்டஞ்சாயாவும் பன்னும் கொடுத்தேன், சமர்த்தாகச் சாப்பிட்டுவிட்டது." சில வீடுகளில் பன்னுக்குப் பதில் ரஸ்க் அல்லது பிஸ்கட். இரண்டு வயதுக் குழந்தைக்கும் அதே கட்டஞ்சாயாதான். குளிர் ஊர், சூடாக ஏதாவது வேண்டும் என்பார்கள்.

தேயிலையில் உள்ள டானின், சாப்பாட்டில் இருக்கும் இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விடாது. சர்க்கரை பசியைக் கொன்றுவிடும். மத்தியானம் குழந்தை இரண்டு வாய் சாப்பிட்டு எழுந்துவிடும். தாய் சாயந்திரம் வரும்போது அது பாதித் தூக்கத்தில் இருக்கும்.

அதே மலையில் வட்டவடையிலும் காந்தளூரிலும் கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ், பூண்டு எல்லாம் விளைகின்றன. வண்டி வண்டியாகச் சந்தைக்குப் போகின்றன. பக்கத்தில் விளைவது பக்கத்துக் குழந்தையின் தட்டுக்கு வருவதற்குக் காசும் வேண்டும், நேரமும் வேண்டும். இரண்டும் இல்லாத தாயைக் குற்றம் சொல்லி என்ன பயன்?

நம் வீடுகளில் விட்டுப்போனது பசி

இனி நம் வீட்டுக்கு வருவோம். கல்பாத்தியிலானாலும் சரி, மும்பை மாதுங்காவிலானாலும் சரி, பெங்களூர், துபாய் அடுக்குமாடிகளிலானாலும் சரி, நம் குழந்தைகளுக்குக் குறைவு என்று ஒன்றும் இல்லை. பாலும் பழமும் வீட்டில் நிறைய. ஆனாலும் தாய்மார்கள் என்னிடம் சொல்லும் முதல் புகார், "மாமி, ஒண்ணுமே சாப்பிட மாட்டேங்கறான்" என்பதுதான்.

அந்தக் குழந்தையின் ஒரு நாளைக் கேட்டு எழுதினால் காரணம் தெரிந்துவிடும். காலையில் எழுந்ததும் மாவு கலந்த ஒரு டம்ளர் பால். பத்து மணிக்குப் பிஸ்கட். சாதம் இறங்கவில்லை என்று ஒரு மணிக்கு மறுபடி பால். சாயந்திரம் தாத்தா கையைப் பிடித்துக்கொண்டு கடைக்குப் போய் ஒரு சிப்ஸ் பாக்கெட். ராத்திரி மொபைலைக் கையில் கொடுத்து நாலு வாய். படுக்கும்போது பாட்டிலில் பால். நாள் பூராவும் ஏதோ ஒன்று உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது. பசி எப்போது வரும்?

பால் நல்ல ஆகாரம்தான். ஆனால் அதில் இரும்புச் சத்து கிட்டத்தட்ட இல்லை. ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைக்கு நாளைக்கு 8 மில்லிகிராமும், நாலு முதல் ஆறு வயதுக்கு 11 மில்லிகிராமும் இரும்பு வேண்டும் என்று ஐ.சி.எம்.ஆர். 2020-ல் கணக்கிட்டது. அரை லிட்டர் பாலில் ஒரு மில்லிகிராம்கூட வராது. முக்கால் லிட்டர் பால் குடித்து, கொழுகொழுவென்று, ஆனால் வெளுத்துப்போய் இருக்கும் குழந்தைகளை நல்ல வசதியான வீடுகளில் பார்க்கிறேன். லயத்துக் குழந்தைக்குக் கட்டஞ்சாயா செய்யும் காரியத்தை நம் குழந்தைக்குப் பால் பாட்டில் செய்கிறது.

பாலில் கலக்கும் மாவுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், இவற்றை 'ஹெல்த் டிரிங்க்' என்ற தலைப்பில் இணையக் கடைகள் விற்கக்கூடாது என்று சொல்லிவிட்டது. நம் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே கிடையாது. டப்பாவின் பின்பக்கம் சிறிய எழுத்தில் போட்டிருக்கும் சர்க்கரை அளவைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள். பிஸ்கட்டும் அப்படித்தான். பல பிஸ்கட்டுகளில் நூறு கிராமுக்கு இருபது கிராமுக்கு மேல் சர்க்கரை.

மொபைல் பார்த்துக்கொண்டே சாப்பிடும் குழந்தைக்கு வயிறு நிறைந்ததும் தெரியாது, நிறையாததும் தெரியாது. இரண்டு வயது வரை திரையே வேண்டாம், அதற்கு மேல் ஐந்து வயது வரை நாளைக்கு ஒரு மணிக்கு மேல் போகக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. மூன்று, நாலு வயதுக் குழந்தை நாளைக்கு மூன்று மணி நேரமாவது ஓடி ஆட வேண்டும் என்றும், 10 முதல் 13 மணி நேரம் தூங்க வேண்டும் என்றும் அதே அறிக்கை சொல்கிறது. அக்ரஹாரத் தெருவில் ஓடியாடிய குழந்தைக்குப் பசி தானாக வந்தது. ஏழாவது மாடிக் குழந்தைக்கு அதை நாம்தான் உண்டாக்கிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

நம் சம்பிரதாயத்தில் இருப்பது

நம் பழக்கங்களில் பல இன்றைய வைத்தியத்தோடு ஒத்துப்போகின்றன. ஆறாம் மாதத்தில் அன்னப்ராசனம் செய்து, குருவாயூரில் சோறூட்டுகிறோம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், ஆறு மாதம் நிறைந்ததும் இணை உணவு, இரண்டு வயதும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்பதுதான் இன்றைக்கும் விதி. கேரளத்தில் நேந்திரங்காயும் குன்னன்காயும் உலர்த்திப் பொடித்துக் குழந்தைக்குக் குறுக்காகக் காய்ச்சிக் கொடுப்பது வழக்கம். கீரை மொளகூட்டல் என்று ஒன்று போதும். பருப்பு, கீரை, தேங்காய் மூன்றும் அதில் இருக்கின்றன. மசித்த சாதத்தோடு ஒரு ஸ்பூன் நெய்யும் விட்டுக் கொடுத்தால் அதைவிட நல்ல குழந்தை உணவு எந்த டப்பாவில் இருக்கிறது?

விட வேண்டிய பழக்கங்களும் உண்டு. பிறந்த குழந்தைக்குத் தேன் தொட்டு வைப்பது அதில் ஒன்று. ஒரு வயது வரை தேன் கூடாது, பசும்பாலைப் பிரதான ஆகாரமாகக் கொடுக்கவும் கூடாது. பருப்பு ஜீரணமாகாது என்று தெளிந்த ஜலத்தை மட்டும் ஊட்டுவதும் தப்பு. சத்து அடியில் இருக்கும் பருப்பில் இருக்கிறது. வயிற்றுப்போக்கு வந்தால் பட்டினி போடுவது இன்னும் பெரிய தப்பு. அப்போதுதான் ஓ.ஆர்.எஸ். கரைசலும், தாய்ப்பாலும், கொஞ்சம் கொஞ்சமாக ஆகாரமும் அவசியம்.

வீட்டில் செய்யக் கூடியவை:

1. தினமும் தானியம், பருப்பு, கீரை அல்லது காய், பழம், பால் அல்லது தயிர் ஆகிய ஐந்தும் தட்டில் வந்ததா என்று எண்ணிப் பாருங்கள். அளவு கொஞ்சமாக இருந்தால் பரவாயில்லை, வகை குறையக் கூடாது.

2. வாரத்தில் மூன்று நாளாவது கேழ்வரகு. முளை கட்டி, உலர்த்தி, வறுத்து அரைத்தால் கூழ் நீர்க்க இருக்கும், சத்தும் நன்றாகச் சேரும். 1970-களில் கோயம்புத்தூர் அவினாசிலிங்கம் கல்லூரியில் டாக்டர் ராஜம்மாள் தேவதாஸ் குழுவினர் 'குழந்தை அமுது' என்று ஒரு மாவு தயாரித்தார்கள். ஒரு தானியம், பாசிப்பயறு, வறுத்த வேர்க்கடலை, வெல்லம், அவ்வளவுதான். எந்த வீட்டிலும் செய்யலாம். வேர்க்கடலையை முழுசாக மட்டும் கொடுக்காதீர்கள், தொண்டையில் சிக்கும். பொடித்தே கொடுங்கள்.

3. கீரையும் பருப்பும் சாப்பிடும் வேளையில் எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு, அல்லது நெல்லிக்காய், கொய்யா, பப்பாளி ஏதாவது ஒரு துண்டு. சைவ உணவின் இரும்பைச் சேர்ப்பது வைட்டமின் சி-தான்.

4. ஐந்து வயது வரை டீ, காபி வேண்டாம். ஒரு வயதுக்கு மேல் பால் நாளைக்கு அரை லிட்டருக்குள். ஒன்றரை வயதுக்குள் பாட்டிலை நிறுத்தி டம்ளர் பழக்குங்கள்.

5. மூன்று சாப்பாடு, இரண்டு சிற்றுண்டி, நடுவில் தண்ணீர் மட்டும். எல்லோரும் உட்காரும்போது குழந்தையும் உட்காரட்டும். என்ன சாப்பாடு, எத்தனை மணிக்கு என்பது நம் பொறுப்பு. எத்தனை வாய் என்பது குழந்தையின் இஷ்டம்.

6. வளர்ச்சி அட்டையை எடுத்துப் பாருங்கள். ஒரே தடவை எடை பார்ப்பதில் பயனில்லை. கோடு மேலே போகிறதா, படுத்துக் கிடக்கிறதா என்பதுதான் முக்கியம். இரண்டு மூன்று மாதம் தொடர்ந்து படுத்துக் கிடந்தால் வைத்தியரிடம் போங்கள்.

அங்கன்வாடியும் நாமும்

1975 அக்டோபர் 2-ல் நாடெங்கும் 33 வட்டாரங்களில் ஆரம்பித்தது ஐ.சி.டி.எஸ். திட்டம். கேரளத்தில் முதலில் மலப்புறம் மாவட்டத்து வேங்கரையில். இன்று ஒவ்வொரு தெருவுக்கும் பக்கத்தில் ஓர் அங்கன்வாடி இருக்கிறது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை உள்ள குழந்தைகளுக்கு அங்கே 'அம்ருதம்' பொடி கொடுக்கிறார்கள். கோதுமை, கடலைப்பருப்பு, சோயா, வேர்க்கடலை, சர்க்கரை சேர்ந்தது. குடும்பஸ்ரீ பெண்களே தயாரிக்கிறார்கள்.

பக்கத்து மாநிலத்தின் அனுபவத்தையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 1980-ல் உலக வங்கி உதவியோடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் ஒன்று ஆரம்பித்தது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை உள்ள குழந்தைகளை மாதா மாதம் எடை பார்த்தார்கள். எடை ஏறாதவர்களுக்கு மட்டும் சத்துருண்டை, தாய்க்குப் போதனை. எடை ஏறியதும் உருண்டையை நிறுத்திவிடுவார்கள். கடுமையான போஷாக்குக் குறைவு அங்கே குறைந்தது. சோறு போடுவதைவிட, மாதா மாதம் கவனிப்பதில்தான் பலன் அதிகம் என்று அதில் தெரிந்தது.

2025-ல் கேரளத்து அங்கன்வாடிக் குழந்தை ஒன்று, உப்புமா வேண்டாம், பிரியாணி வேண்டும் என்று கேட்டதை எல்லோரும் வீடியோவில் பார்த்துச் சிரித்தோம். அந்தச் சிரிப்போடு அரசு விடவில்லை. அந்த வருஷம் ஜூனில் மாநிலம் முழுவதற்கும் ஒரே மாதிரி புதிய சாப்பாட்டுப் பட்டியல் வந்தது. பிரியாணியும் புலாவும் சேர்ந்தன, சர்க்கரையும் உப்பும் குறைந்தன. ஒரு குழந்தை கேட்டது, பெரியவர்கள் காதில் வாங்கினார்கள். நம் வீட்டில் எத்தனை பேர் அப்படி வாங்குகிறோம்?

கடைசியாக ஒரு விண்ணப்பம். நம் வீடுகளில் பாத்திரம் தேய்க்க, சமையலுக்கு உதவ வரும் பெண்களில் பலர் எல்லைக் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள். கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள். அவர்கள் நம் பேரனுக்குச் சாதம் பிசைந்து கொடுக்கும் நேரத்தில், அவர்கள் குழந்தை என்ன சாப்பிட்டது என்று கேட்டிருக்கிறோமா? நேற்றைய மிச்சத்தைக் கட்டிக் கொடுத்துவிட்டு அதை உபகாரம் என்று நினைக்க வேண்டாம். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் சம்பளம் பிடிக்காமல் லீவு கொடுங்கள். எடை பார்க்கும் நாளில் ஒரு மணி நேரம் முன்னதாக அனுப்புங்கள். எஸ்டேட் தாய்க்கு இல்லாத அந்த நேரத்தை நம்மால் கொடுக்க முடியும். பேரன் பிறந்தநாளுக்குச் சாக்லேட் பெட்டி வாங்கும் பணத்தில் பக்கத்து அங்கன்வாடிக்கு ஒரு வாரத்துக்கு நேந்திரம்பழம் வாங்கிக் கொடுங்கள். டீச்சரைக் கேட்டுக்கொண்டு கொடுங்கள், அவர்கள் முறைப்படி வாங்கிக்கொள்வார்கள்.



கூட்டத்தில் கேட்ட சில கேள்விகள்

கேள்வி: நாம் முட்டை, மீன் சாப்பிடுவதில்லை. நம் குழந்தைகளுக்குச் சத்து போதுமா?

பதில்: கவனமாகக் கொடுத்தால் போதும். ஒன்று முதல் மூன்று வயதுக்கு நாளைக்குச் சுமார் 12.5 கிராம் புரதம் வேண்டும். பருப்பு, தயிர், கடலை மூன்றும் தினமும் இருந்தால் வந்துவிடும். பி-12 மட்டும் காய்கறியில் கிடையாது, பால், தயிரிலிருந்துதான் வர வேண்டும். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் இதை வைத்தியரிடம் கேட்டுச் சோதித்துக்கொள்வது நல்லது. தாய்க்குக் குறைந்தால் தாய்ப்பாலிலும் குறையும்.

கேள்வி: இரும்பு டானிக் கொடுத்தால் போதாதா?

பதில்: ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை வாரம் இரண்டு தடவை இரும்பு, ஃபோலிக் சிரப் கொடுப்பது அரசுத் திட்டத்திலேயே இருக்கிறது. சுகாதார ஊழியரிடம் கேட்டு வாங்குங்கள். குடற்புழு மருந்தையும் மறக்க வேண்டாம். ஆனால் டானிக் சாப்பாட்டுக்குப் பதில் ஆகாது.

கேள்வி: என் பேரன் ஒல்லியாக இருக்கிறான். பக்கத்து வீட்டுக் குழந்தை குண்டாக இருக்கிறதே?

பதில்: பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிடாதீர்கள். போன மாதத்து உங்கள் பேரனோடு ஒப்பிடுங்கள். ஓடுகிறானா, பேசுகிறானா, உயரம் ஏறுகிறதா என்று பாருங்கள். அட்டையில் கோடு மேலே போய்க்கொண்டிருந்தால் கவலையே வேண்டாம்.

கேள்வி: மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போகிறார்கள். குழந்தை எங்களிடம்தான். சாப்பிட அடம் பிடித்தால் வேறு வழியில்லாமல் மொபைலைக் கொடுக்கிறோம்.

பதில்: ஒரு வாரம் கஷ்டப்படத் தயாராகுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் குறைவாகத்தான் சாப்பிடும், பயப்பட வேண்டாம். சாப்பாட்டுக்கு இரண்டு மணி முன்னால் பாலும் பிஸ்கட்டும் நிறுத்துங்கள். தாத்தா சாயந்திரம் கடைக்குப் பதிலாகக் கோயில் வாசலுக்கோ மைதானத்துக்கோ கூட்டிப் போகட்டும். அரை மணி ஓடிவிட்டு வந்த குழந்தை தானே தட்டை எடுத்துக்கொண்டு வரும்.